தி பாடி ஷாப்: முயலுக்குக் கொடுத்த வாக்கும் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கும்

பெரிய வணிக வளாகங்களில் அழகுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தளத்தில் தி பாடி ஷாப்பைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பச்சை நிறமும், வாசலைத் தாண்டும்போதே மூக்கில் ஏறும் பழ வாசனையும் கடையைக் காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்துக் கடைகள் நிறத்தையும் பளபளப்பையும் விற்க, இந்தக் கடை கூடவே ஒரு கொள்கைப் பட்டியலையும் விற்கிறது. எந்த விலங்கின் மீதும் சோதிக்கப்படாதவை, விலங்குகளிடமிருந்து எடுத்த எதுவும் கலவாதவை, ஏழை நாட்டுப் பெண்களிடம் நியாய விலைக்கு வாங்கிய பொருள்களால் ஆனவை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். ஒரு டப்பா களிம்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்கும் வாடிக்கையாளர், அந்தத் தொகையில் ஒரு பங்கை இந்தக் கொள்கைகளுக்காகவே கொடுக்கிறார். ஆகவே களிம்பை மட்டும் மதிப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது, வாங்கிய பொருளில் பாதியைப் பிரித்துப் பார்க்காமலே விடுவதாகும். களிம்பை முதலில் பார்த்துவிட்டு, மற்றதற்கு வருகிறேன்.

கடையின் அடையாளச் சரக்கு பாடி பட்டர். 200 மில்லி தட்டை டப்பாவில், ஷியா (ஆப்பிரிக்க மரமொன்றின் கொட்டை), மாம்பழம், முருங்கை, ரோஜா எனப் பல மணங்களில் கிடைக்கிறது. விரலால் எடுத்தால் மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய்போலக் கட்டியாக வந்து, உள்ளங்கைச் சூட்டில் மெல்ல இளகுகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் சித்திரை வெக்கையில் இதற்கு வேலையே இல்லை; பூசிய அரை மணி நேரத்தில் வியர்வையும் நெய்ப்பசையும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். குதிகால் வெடிப்பு, முழங்கை வறட்சி ஆகியவற்றுக்கும், நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து ஆட்களுக்கும் இது நல்ல பொருள். ஷியா மணமுள்ள டப்பாவை வாங்கச் சொல்வேன். பழ மணங்கள் முதல் நாள் மகிழ்ச்சியளித்து, ஒரு வாரத்தில் திகட்டிவிடக்கூடியவை. பருவுக்காக விற்கப்படும் டீ ட்ரீ எண்ணெய் சிறு குப்பியில் வருகிறது. நீலகிரித் தைலத்துக்கு உறவு சொல்லும் மணம், ஒரு சொட்டு போதும், கண்ணுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள சருமத்துக்கு இந்தக் கடையில் மனமொப்பி வாங்கக்கூடியது இதுதான்.

1981இல் அறிமுகமான ஒயிட் மஸ்க் என்ற நறுமணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கஸ்தூரி என்பது ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுப் பக்கத்துச் சுரப்பியில் உண்டாவது. அதை எடுப்பதற்காக மானையே கொல்வதுதான் நெடுங்கால வழக்கம். ஒயிட் மஸ்கில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மாற்று வாசனையைச் சேர்த்தார்கள். கஸ்தூரியும், கூண்டிலடைத்த புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து வழித்தெடுக்கும் புனுகும் பூசைப் பொருளாகவும் நாட்டு மருந்தாகவும் மதிக்கப்படும் நம் ஊரில், அந்த மதிப்புக்கு விலங்கு என்ன விலை கொடுக்கிறது என்று யாரும் அதிகம் விசாரித்ததில்லை. கஸ்தூரி மானை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது என்பது கூடுதல் செய்தி. மணத்தைப் பொறுத்தவரை ஒயிட் மஸ்க் மென்மையானது. நம் மல்லிகைப் பழக்கத்துக்கு இது சற்றுச் சோப்பு மணமாகத் தோன்றலாம்.

இனி கொள்கைகள். இவற்றில் முயல் பற்றிய வாக்குறுதியும் (அதாவது விலங்குச் சோதனை இல்லை என்பதும்) பெண் பற்றிய வாக்குறுதியும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பது என் கருத்து. முதலாவதை வெளியாள் ஒருவர் வந்து தணிக்கை செய்ய முடியும். இரண்டாவதற்கு அப்படியொரு தணிக்கையாளர் கிடையாது. கடையில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே பச்சை நிறத்தில் சொல்லப்படுவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

அழகுப் பொருள்களின் விலங்குச் சோதனை என்பது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் டப்பாக்களில் காணும் முயல் சின்னத்தின் மதிப்பு விளங்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் 1944இல் வகுத்த கண் சோதனை பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் வழக்கத்தில் இருந்தது. வெள்ளை முயல்களைத் தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி பெட்டிகளில் பூட்டுவார்கள். முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பூட்டு. கீழ் இமையை வெளியே இழுத்து, 0.1 மில்லி பொருளை ஒரு கண்ணில் விட்டு, மற்றொரு கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று இடைவெளி விட்டு, கருவிழி எவ்வளவு மங்கியிருக்கிறது, இமையின் உட்புறம் எவ்வளவு சிவந்து வீங்கியிருக்கிறது, எவ்வளவு நீர் வடிகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதிகபட்ச மதிப்பெண் 110. அதில் 80 கருவிழிப் பாதிப்புக்கு மட்டும். முயல் சாதுவானது, விலை மலிவானது, கண் பெரியது, கண்ணீர் குறைவாகச் சுரப்பதால் விட்ட பொருள் எளிதில் கழுவப்பட்டுப் போவதில்லை என்பவையே அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள். ஷாம்பூவும் கண் மையும் சந்தைக்கு வருவதற்கு முன் இந்த வழியாகத்தான் வந்தன.

இதற்கு எதிரான முதல் பெரிய அடியைக் கொடுத்தது எந்தக் கடையும் அல்ல. ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஒருவரின் முயற்சியில், 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ரெவ்லான் என்ற அழகுப் பொருள் நிறுவனத்தைக் குறிவைத்து, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று கேட்கும் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. அந்த நிறுவனம் அடுத்த சில மாதங்களில் மாற்றுச் சோதனைகளுக்கான ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. மனிதச் செல்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மெல்லிய படலங்களின் மீது பொருளைச் சோதிக்கும் முறைகளும், இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற மாட்டுக் கண்ணின் கருவிழியில் சோதிக்கும் முறையும் பின்னர் சர்வதேச வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றன. (இரண்டாவது முறையைச் சைவம் என்று சொல்ல முடியாது என்பதை விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை.) பாடி ஷாப்பின் பங்கு, இந்தக் கோரிக்கையை ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததுதான். சோப்பு வாங்க வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, 1996இல் 40 லட்சம் கையெழுத்துகள் கொண்ட மனுவை ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தார்கள். பிரிட்டன் 1998இல் அழகுப் பொருள் சோதனையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004, 2009 ஆண்டுகளில் படிப்படியாகச் சோதனையைத் தடுத்து, 2013 மார்ச்சில் சோதிக்கப்பட்ட அழகுப் பொருள்களின் விற்பனையையும் தடை செய்தது. இவையெல்லாம் ஒரு கடையால் மட்டும் வந்துவிட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற பெரிய வணிகர்களில் ஒருவர் என்ற பெருமையைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

இந்திய வாடிக்கையாளருக்கு இங்கே ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. விற்பனைப் பேச்சில் அது எழுவதில்லை. இந்தியாவில் அழகுப் பொருள்களை விலங்குகளின் மீது சோதிப்பது 2014 மே மாதத்திலிருந்து சட்டப்படி குற்றம். அதே ஆண்டு நவம்பரில், வெளிநாட்டில் விலங்குகளின் மீது சோதித்த அழகுப் பொருள்களை இறக்குமதி செய்வதும் தடைசெய்யப்பட்டது. தெற்காசியாவில் இதை முதலில் செய்த நாடு இந்தியா. ஆகவே, தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் தொங்கும் பாக்கெட் ஷாம்பூவையும் அதன் தயாரிப்பாளர் இங்கே ஒரு முயலின் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கக் கூடாது. விலங்குகளின் மீது சோதிக்கப்படாதது என்று மட்டும் ஒரு டப்பாவில் எழுதியிருந்தால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறேன் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கூடுதல் விலைக்கு உரியது துள்ளும் முயல் சின்னம். குருயல்டி ஃப்ரீ இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் கொடுக்கும் இந்தச் சான்றைப் பெற, ஒரு நிறுவனம் குறிப்பிட்ட தேதியைக் கெடுவாக வைத்து, அதற்குப் பின் தன் தயாரிப்போ அதில் சேரும் மூலப்பொருளோ உலகின் எந்த மூலையிலும் விலங்குகளின் மீது சோதிக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். மூலப்பொருள் கொடுப்பவர்களிடமும் எழுத்துமூலம் உறுதி பெற வேண்டும். தணிக்கையாளர் வந்து கணக்கைப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும். ஒரு நாட்டில் சோதிக்காமல் விற்றுவிட்டு, சோதனையைக் கட்டாயமாக்கிய இன்னொரு நாட்டில் சோதித்து விற்கும் இரட்டைக் கணக்குக்கு இதில் இடமில்லை. இறக்குமதியாகும் அழகுப் பொருள்களுக்குச் சீனா நெடுங்காலம் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக வைத்திருந்தது; சாதாரண வகைப் பொருள்களுக்கு 2021 மே மாதத்திலிருந்துதான் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளித்தது. அந்தப் பெரிய சந்தைக்குள் பாடி ஷாப் போகாமல் இருந்தது உண்மையான இழப்பை ஏற்றுக்கொண்ட முடிவு. 2014இல் பெய்ஜிங், ஷாங்காய் விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளில் அதன் பொருள்கள் விற்கப்படுவதை ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் சுட்டிக்காட்டியபோது, நிறுவனம் அவற்றை அங்கிருந்து விலக்கிக்கொண்டது. தவறு நடக்காது என்பதைவிட, தவறு நடந்தால் யாராவது கண்டுபிடிக்க முடியும் என்ற ஏற்பாடு இருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

விலங்குச் சோதனைக்காகக் குறைகூறப்பட்டு வந்த பிரெஞ்சு அழகுப் பொருள் நிறுவனமான லோரியல் 2006இல் 65.2 கோடி பவுண்டுக்கு இந்தக் கடையை வாங்கியபோது, விலங்குச் சோதனையை எதிர்த்தவர்கள் பலர் கொதித்துப் போனதற்கும் காரணம் இருந்தது. கடையின் கொள்கை மாறவில்லை. ஆனால் கடையின் லாபம் யார் பெட்டிக்குப் போகிறது என்பது மாறியது. பெரிய நிறுவனத்தை உள்ளிருந்தே மாற்றிவிடலாம் என்று நிறுவனர் அனிதா ராடிக் நம்பிக்கை தெரிவித்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டதால், அந்த நம்பிக்கை சோதிக்கப்படாமலே போயிற்று.

பெண்களைப் பற்றிய வாக்குறுதிக்கு வருவோம். அதன் தொடக்கம் நேர்மையானது. 1976இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கடை திறக்க 4,000 பவுண்டு கடன் கேட்டு ராடிக் வங்கிக்குப் போனார். பாப் டிலன் படம் போட்ட டி-ஷர்ட்டுடன், இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போனவருக்கு மேலாளர் கடன் தர மறுத்துவிட்டார். பின்னர் கோட்டு சூட்டு அணிந்து, கணக்குக் காகிதங்களோடு, கணவரையும் கூட்டிக்கொண்டு போனபோது அதே கடன் கிடைத்தது. கடைக்கான யோசனை, சரக்கு, அடமானம் எதிலும் மாற்றமில்லை. மாறியவை உடையும், காகிதங்களும், பக்கத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்ததும்தான். சுயதொழில் கடன் விண்ணப்பத்தோடு நம் ஊர் வங்கி மேசைகளின் முன் நின்ற பெண்களுக்கு இந்தக் கதையில் எதுவும் புதிதாகப் படாது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 1970லேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு பெண்கள் இதே பெயரில் ஒரு கடை நடத்திக்கொண்டிருந்தார்கள், பிரிட்டிஷ் நிறுவனம் அமெரிக்காவுக்குள் நுழையும் முன் 1987இல் அவர்களிடமிருந்து பெயர் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. நிறுவன வரலாற்றுப் பலகைகளில் அந்த இரு பெண்களும் அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

1997இல் கடை ரூபி என்ற பருத்த பெண் பொம்மையைச் சுவரொட்டியில் ஏற்றியது. சூப்பர் மாடல்களைப் போல இல்லாத பெண்கள் 300 கோடிப் பேர், அப்படி இருப்பவர்கள் 8 பேர் மட்டுமே என்பது அதன் வாசகம். பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பும் அளவுக்கு அது சுட்டது. முகக்களிம்பு விற்பவரே உன் முகத்தில் குறையொன்றுமில்லை என்று சொன்னது அழகுப் பொருள் வணிகத்தில் அரிய காட்சி. ஆனால் இந்த வணிகத்தின் இயல்பு அதை நெடுநாள் விட்டுவைக்கவில்லை. லோரியல் கையில் இருந்த ஆண்டுகளில் இதே கடை ஆசியச் சந்தைகளில் மாய்ஸ்சர் ஒயிட் என்ற பெயரிலேயே சரும வெளுப்பு வரிசை ஒன்றை விற்றது. 1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, கல்யாணச் சந்தையில் கறுத்த பெண்ணுக்கு மதிப்பில்லை என்ற எண்ணத்தின் மேல் ஒரு பெருவணிகத்தைக் கட்டியெழுப்பிய நாடு இது. அது 2020இல் பெயரை மட்டும் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்ட நாடும் இதுவே. இப்படிப்பட்ட சந்தையில் ரூபியின் கடையும் வெண்மையை விற்றது என்றால், பெண்ணின் தோற்றம் பற்றிய அதன் கொள்கைக்கு முயல் சின்னம் போன்ற கெடு தேதியோ தணிக்கையோ இல்லாதிருந்ததே காரணம். வெளுப்புக் களிம்பு விற்றதற்காக எந்தச் சான்றும் பறிபோகவில்லை. பிற்காலத்தில் வெண்மை என்ற சொல் போய், ஒளி, பிரகாசம் என்ற சொற்கள் வந்தன. இன்று அலமாரியில் அந்தச் சொற்களைப் பார்த்தால் டப்பாவின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள்.

வன்முறை பற்றிய பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடும்ப வன்முறையை நிறுத்துவோம் என்ற இயக்கத்தை 2000களில் பல நாட்டுக் கடைகளில் நடத்தினார்கள். 2006இல் யுனிசெஃபுடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பார்த்தும் கேட்டும் வளரும் குழந்தைகள் உலகில் 27.5 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அடிபடும் மனைவியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், கதவிடுக்கில் நின்று பார்க்கும் பிள்ளையின் பக்கம் கவனத்தைத் திருப்பிய வேலை அது. 2009இல் குழந்தைக் கடத்தலுக்கு எதிராக ஒரு கைக்களிம்பை விற்று நிதி திரட்டியதோடு, 2011இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை ஐக்கிய நாடுகள் சபையிடம் சேர்த்தார்கள்.

இங்கேதான் வாடிக்கையாளரின் கணக்கு தடுமாறுகிறது. முயல் விஷயத்தில் கடை தன் செயலையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. வன்முறை விஷயத்தில் பிறர் செயலைப் பற்றிப் பேசுகிறது. நான் வாங்கும் டப்பாவால் ஒரு முயல் தப்பியது என்று சொல்ல வழியிருக்கிறது; ஒரு பெண் தப்பினாள் என்று சொல்ல வழியில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. கல்வியிலும் வேலையிலும் பெண்கள் முன்னே நிற்கும் மாநிலம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் ஊரின் எண் இது. அந்த 38 விழுக்காட்டில் அடங்கும் பெண்ணுக்கு வேண்டியவை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் ஒருவர், கணவன் வீட்டிலேயே தங்கும் உரிமைக்கான நீதிமன்ற ஆணை, நள்ளிரவிலும் எடுக்கப்படும் 181 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி, ஒரு தங்கும் விடுதி. இவை எதையும் அலமாரியில் வைத்து விற்க முடியாது.

அழகுப் பொருளுக்கும் அடிக்கும் இடையே வேறொரு சங்கடமான உறவும் உண்டு. எந்த ஒப்பனைக் கடையிலும் கன்சீலர் என்ற சிறு குழாய் இருக்கும்; கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தை மறைப்பதற்கான அது, கன்றிப்போன கன்னத்தையும் அதே திறமையோடு மறைக்கும். 2016 நவம்பரில் மொராக்கோவின் அரசுத் தொலைக்காட்சியான 2எம், அடியின் தடத்தை ஒப்பனையால் மறைப்பது எப்படி என்று ஒரு பெண்ணின் முகத்தில் செய்து காட்டி, கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டது. வன்முறைக்கு எதிராகப் பேசும் ஓர் ஒப்பனை நிறுவனம் செய்யக்கூடிய எளிய காரியம், அந்தக் குழாயின் அட்டைப்பெட்டியில், விற்கும் நாட்டின் உதவி எண்ணைச் சிறிய எழுத்தில் அச்சிடுவது. கண்ணாடி முன் தனியாக நிற்கும் ஒருத்தி அதைப் படிக்க நேரும். சுவரொட்டியைவிட அது வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும்.

பெண்களுக்கு நேரடியாகப் பயன் தரும் ஒரு பகுதி கடையில் இருக்கிறது. அது முழக்கத்தில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. பாடி பட்டரில் சேரும் ஷியா வெண்ணெயை 1994 முதல் வட கானாவின் தமாலே பகுதியிலுள்ள துங்தெயா பெண்கள் சங்கத்திடம் வாங்குகிறார்கள். கொட்டையை உடைத்து, வறுத்து, அரைத்து, கையால் பிசைந்து, மேலே திரளும் கொழுப்பை வழித்துக் காய்ச்சுவது அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலை. கூலிக்கும் மேல் விலை கிடைக்கும்போது பணமும் அவர்கள் கையில் சேர்கிறது. நமக்கு இன்னும் அருகில், மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் 1990இல் தொடங்கிய டெடி எக்ஸ்போர்ட்ஸ், இந்தக் கடைக்கு மரத்தாலான, உடலைப் பிடித்துவிடும் உருளைகளும் பைகளும் செய்து அனுப்பிய நிறுவனம். அதன் அறக்கட்டளை பள்ளியும் மருத்துவப் பணியும் நடத்தி வருகிறது. வன்முறையிலிருந்து வெளியே வர நினைக்கும் பெண்ணின் முதல் கேள்வி பெரும்பாலும் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் என்பதால், திருமங்கலத்துத் தொழிற்கூடத்தின் ஒரு மாதச் சம்பளத்துக்கு எந்த மனுவையும்விட எடை அதிகம்.

ஆனால் இந்தக் கொள்முதலும் முதலாளியின் மனதைப் பொறுத்ததே. லோரியல் 2017இல் கடையைப் பிரேசிலின் நட்டுராவுக்கு விற்றது. நட்டுரா 2023இல் ஆரேலியஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போனது. மார்ச்சில் அமெரிக்கக் கடைகள் மூடின. செப்டம்பரில் ஆரியா என்ற குழு எடுத்துக்கொண்டது. கைமாற்றங்களுக்கு நடுவே, தயாரிப்புகள் முழுவதும் விலங்குப் பொருள் நீக்கப்பட்டவை என்ற சான்றை 2024 தொடக்கத்தில் பெற்றுவிட்டார்கள் என்பது, தணிக்கைக்கு உட்பட்ட வாக்குறுதிகள் உரிமையாளர் மாறினாலும் தாக்குப்பிடிக்கின்றன என்ற என் எண்ணத்தை வலுப்படுத்துகிறது.

அறம் பேசும் எந்தக் கடைக்குள் போனாலும் நான் தேடுவது ஒன்று உண்டு: விற்பனைப் பெண்களுக்கு உட்கார இடமிருக்கிறதா என்பது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த பெண்களின் வீங்கிய கால்கள்தான் அந்தத் திருத்தத்துக்குக் காரணம். வாடிக்கையாளர் யாரும் இதற்குத் தணிக்கையாளராகலாம். ஸ்டூல் கண்ணில் படவில்லையென்றால் மேலாளரிடம் கேட்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. ஷியா பாடி பட்டர், குளிர்காலத்துக்கு ஒரு சிறிய டப்பா. பருவுள்ளவர்களுக்கு டீ ட்ரீ எண்ணெய். மென்மையான மணம் பிடித்தால் ஒயிட் மஸ்க். மர உருளை இருப்பில் இருக்கிறதா, எங்கே செய்தது என்று கேளுங்கள். அடியில் திருமங்கலம் என்று தெரிந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், அது காலியாவதுமில்லை, மணம் திகட்டுவதுமில்லை. பிரகாசம் தருவதாகச் சொல்லும் சீரம்களை விட்டுவிடலாம். இயக்கத்துக்காகவென்று தனியாக விற்கும் கைக்களிம்பையோ உதட்டுக் களிம்பையோ பார்த்தால், அந்தத் தொகையை உங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கான விடுதி நடத்தும் அமைப்பு ஒன்றின் ரசீதுப் புத்தகத்தில் நேரே எழுதிக் கொடுப்பது சிக்கனமானது. பணம் இடிக்கிறது என்றால், துள்ளும் முயல் சான்று பெற்ற இந்தியத் தயாரிப்புகள் இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. சின்னத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெறும் முயல் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்கிறார்கள்.